குளிரில் ஸ்டார்ட் ஆகாத டீசல் லாரி: பம்பைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

உங்கள் லாரியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கேரட்டும் பூண்டும் ஏற்றி மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வரும் பழைய வண்டி, பிஎஸ்-3 புகை விதிக் காலத்தது, டீசலை அழுத்திச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் பம்ப் இன்லைன் வகை, 24 வோல்ட். மதுரையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மேலே இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் பலமுறை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளைப் புகை தள்ளுகிறது. சில நாள் ஸ்டார்ட் ஆகிச் சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. வத்தலக்குண்டுக்கு மேல் ஏற்றத்தில் இழுவையும் குறைகிறது. பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் கழற்றி முழுவதுமாகச் செய்ய வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். அது தேவையா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குத் தேவையில்லை என்பதே என் பதில். நீங்கள் சொன்ன அறிகுறிகள் ஒரே கோளாற்றிலிருந்து வருபவை அல்ல. இரண்டு மூன்று சிறிய குறைகள் சேர்ந்து ஒன்றாகத் தெரிகின்றன. பம்ப் கெட்டிருந்தால் மதுரையிலும் அது தன் குணத்தைக் காட்டியிருக்கும். பெருஞ்செலவு வைக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், ஒரு மல்டிமீட்டரும் ஒரு சுத்தமான கேனும் சில அடி ஹோஸும் வைத்துக்கொண்டு ஒரே காலையில் பார்த்துவிடக்கூடியவை பல இருக்கின்றன.

கீழே எடுக்கும் வண்டி மேலே ஏன் எடுக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கி, அந்த நெருக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. டீசல் தானாகப் பற்றுவதற்கு 200 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் அதைப் போல இரண்டு மடங்கைக்கூட எட்டிவிடும். ஆனால் தை மாத விடியற்காலையில் மதுரையில் சுமார் 20 டிகிரி இருக்கும்போது கொடைக்கானலில் 8 டிகிரி அளவிலும், பள்ளமான இடங்களில் அதற்கும் கீழேயும் இருக்கும். குளிர்ந்த சிலிண்டர் சுவர், நெருக்கிய காற்றின் சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. குளிரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், உயரத்தை மறந்துவிடுகிறார்கள். கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 2100 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதாவது சிலிண்டருக்குள் போகும் காற்றே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் தடுக்கும் ரிங், வால்வு, பேட்டரி ஆகிய மூன்றும் நன்றாக இருக்கும் வண்டிக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டல்ல. மூன்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும், மதுரையில் மறைந்துகிடந்த தளர்ச்சி மலையில் வெளியே வந்துவிடும்.

அடுத்ததாக, செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்திச் சைலன்சர் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். சோதனைகளிலேயே செலவில்லாததும் அதிகம் சொல்லக்கூடியதும் இதுதான். எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவில்லை. பார்க்க வேண்டிய இடம் டேங்கிலிருந்து பம்ப் வரையிலான பாதை. வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் டீசல் போகிறது, எரிவதற்குச் சூடு போதவில்லை. அப்போது பேட்டரி, கம்ப்ரஷன் (காற்று நெருங்கும் அழுத்தம்), நாசில் தெளிப்பு, டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் எப்போதும் வெள்ளைப் புகையா, அல்லது முதல் சில முறை புகையே இல்லாமல் இருந்து பிறகு புகை தொடங்குகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அது மிக முக்கியம். முதலில் புகை இல்லாமல், நான்கைந்து முறை சுற்றிய பிறகு வெள்ளைப் புகை வந்து, பின்னர் எடுக்கிறது என்றால், இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிட்டது என்றே நான் எண்ணுவேன்.

அதற்குப் போகுமுன் பேட்டரியை முடித்துவிடலாம். உங்கள் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்திருக்கும். இரவு முழுவதும் நின்ற பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்; 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்க, மீண்டும் தனித்தனியாக அளக்க வேண்டும். எந்தப் பேட்டரியாவது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது குளிருக்குத் தாங்காது. நம் வண்டிகளில் பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் லைன் இழுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஒரு பேட்டரி மட்டும் நாளுக்கு நாள் வடிந்து, இரண்டையும் சேர்த்து அளக்கும்போது 24 வோல்ட்டுக்கு மேல் காட்டிக்கொண்டே, செல்ஃப் அடிக்கும்போது காலை வாரிவிடும். அப்படி லைன் இருந்தால் அதை எடுத்துவிட்டு 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி சரியாக இருந்தும் சுற்று மந்தமாக இருந்தால் எர்த் கேபிளைச் சந்தேகியுங்கள்: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், சேசிஸில் எர்த் பிடித்திருக்கும் இடத்தில் துரு ஏறியிருக்கிறது. கழற்றி, பளிச்சென்று தேய்த்து, இறுக்கினால் போதும். வயதான எஞ்சின் என்று 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால், அடுத்த ஆயில் மாற்றத்தில் கம்பெனி சொல்லும் 15டபிள்யூ-40-க்கு வந்துவிடுங்கள். குளிரில் எஞ்சின் சுற்றும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

இனி, உங்கள் வண்டியில் நான் முதன்மையாகச் சந்தேகிக்கும் காற்றுக் கசிவுக்கு வருகிறேன். டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தரும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட பாதை உறிஞ்சும் பாதை. அங்கே ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் "எங்கேயும் லீக் இல்லையே" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பகலில் எஞ்சின் ஓடும்போது ஃபீட் பம்ப் இந்தச் சிறு காற்றைச் சமாளித்துவிடும். இரவில் எஞ்சின் நின்றதும் அதே விரிசல் வழியே காற்று நுழைய, பைப்பில் நின்ற டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கிவிடும். குளிரில் ரப்பர் ஹோஸ் விறைத்து, கிளிப் பிடிப்பு தளர்ந்து, கசிவு கூடும். வண்டியின் முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தினால் எஞ்சின் டேங்கைவிட உயர்ந்துவிடுவதால் டீசல் இன்னும் விரைவாக இறங்கும்; மலையில் எந்தப் பக்கமாக நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து ஒருநாள் எடுப்பதும் ஒருநாள் மறுப்பதும் இதனால் நடக்கலாம்.

இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பே, ஃபீட் பம்பில் இருக்கும், கையால் அடித்து டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரைத் தளர்த்தி அடித்துப் பாருங்கள். பைப்பில் டீசல் நிறைந்திருந்தால் இரண்டு மூன்று அடியிலேயே கைக்கு எதிர்ப்புத் தெரியும், கட்டைவிரல் திணறும். டீசல் இறங்கியிருந்தால் பிரைமர் காற்றுப் போன பந்தாகத் தொளதொளவென்று போய்வரும். பல அடிகளுக்குப் பிறகே கனம் ஏறும். அது கனம் ஏறும்வரை அடித்து, ஃபில்டர் தலையில் காற்றை வெளியேற்ற உள்ள பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வழியும்வரை ஏர் எடுத்து, இறுக்கிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒரே சுற்றில் எடுத்தால் பம்புக்கும் நாசிலுக்கும் குறை ஒன்றுமில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கசிவு எங்கே என்பதையும் அடுத்த நாள் கண்டுபிடித்துவிடலாம். டேங்கிலிருந்து வரும் ஹோஸை ஃபீட் பம்பில் கழற்றி, அந்த இடத்தில் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைப் போட்டு, சுத்தமான டீசல் நிறைந்த கேனை எஞ்சினுக்குச் சற்று மேலே கட்டி, அதிலிருந்து ஊட்டுங்கள். இரவு முழுவதும் அப்படியே விட்டுக் காலையில் உடனே எடுத்தால் குறை பெரும்பாலும் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில். அப்படியும் எடுக்கவில்லை என்றால் ஃபீட் பம்பின் உள்ளே இருக்கும் வால்வுகள், பிரைமரின் சீல், ஃபில்டர் தலை, பம்பிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் பைப்பில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பைப் முனைகளைப் பிடிக்கும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டுகளில் ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷரையே திரும்பத் திரும்பப் போடுவது நம் பட்டறைகளில் மாறாத பழக்கம். கழற்றிய ஒவ்வொரு இடத்திலும் புது வாஷர் போடச் சொல்லி, அருகில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். நைந்த ஹோஸ், பழைய கிளிப், தேய்ந்த வால்வு எல்லாவற்றையும் மாற்றினாலும் பம்ப் வேலைக்கு ஆகும் செலவின் அருகில்கூட வராது.

இதே இடத்தில் ஒரு சின்ன விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள், உள்ளே துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ இருந்தால், குளிரில் முழுவதும் திரும்பி வராது. டிரைவர் கைப்பிடியை உள்ளே தள்ளியிருப்பார். ஆனால் பம்பில் உள்ள ஸ்டாப் லீவர் பாதி மூடிய நிலையிலேயே நிற்கும். பானெட்டைத் திறந்து அந்த லீவர் முழுவதும் திரும்பியிருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகிச் சிறிது நேரத்தில் நின்றுவிடுவதற்கு வருகிறேன். இதற்கும் காற்று காரணமாகலாம். ஆனால் டீசலில் மெழுகு பிரிவதும் இதே மாதிரித்தான் இருக்கும். டீசலில் இயல்பாகவே மெழுகுத்தன்மை உள்ள பொருள்கள் கலந்திருக்கின்றன. குளிர் கூடும்போது, மார்கழியில் தேங்காய் எண்ணெய் கலங்கி உறைவதுபோல, அவை சிறு படிகங்களாகப் பிரிகின்றன. பைப்பில் டீசல் ஓடக்கூடிய நிலையில் இருக்கும்போதே, ஃபில்டரின் நுண்துளைகளை அந்தப் படிகங்கள் அடைத்துவிடும். பம்பிலும் ஃபில்டருக்கு அப்பாலும் உள்ள டீசல் தீரும்வரை எஞ்சின் ஓடும், பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடும்.

கொடைக்கானல் குளிரில் இது நடக்குமா என்று கேட்பீர்கள். இந்தியத் தர அளவான ஐஎஸ் 1460, ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது: குளிர்காலத் தரத்துக்கு 6 டிகிரி, கோடைத் தரத்துக்கு 18 டிகிரி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலத் தரம் என்பது வட, மத்திய இந்தியச் சமவெளிகளுக்குத்தான். மதுரையிலோ வத்தலக்குண்டிலோ தை மாதத்தில் நீங்கள் நிரப்பும் டீசல் கோடைத் தரத்துக்கு உட்பட்டிருந்தாலே போதும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டீசல் பெரும்பாலும் அந்த வரம்பைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் 5 டிகிரிக்கு அது கட்டாயம் தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. எனவே ஊகிக்க வேண்டாம், சோதியுங்கள்: டேங்கிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்து, மேலே இரவு முழுவதும் வண்டிக்கு வெளியே வையுங்கள். காலையில் தெளிவாக இருந்தால் மெழுகுப் பேச்சையே விட்டுவிடலாம். கலங்கியிருந்து, கைச்சூட்டிலோ வெயிலிலோ தெளிந்தால் அது மெழுகு. அடியில் தனியாக உருண்டு நிற்கும் துளிகள் இருந்தால் அது தண்ணீர்.

தண்ணீர் உங்கள் வண்டியில் இருக்க வாய்ப்பு அதிகம். பகலில் சமவெளிச் சூடு, இரவில் மலைக்குளிர் என்று போய்வரும் வண்டியில், பாதி காலியான டேங்கின் உட்சுவரில் ஈரம் வியர்த்து அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். மேலே ஏறுமுன் டேங்கை நிரப்பிக்கொள்வதும், வாரம் ஒருமுறை டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரிலும் டேங்கின் அடி பிளக்கிலும் தண்ணீர் வடிப்பதும் போதுமானவை. ஏற்றத்தில் இழுவை குறைவதற்கு, ஃபில்டர் அடைப்போடு சேர்த்து டேங்க் மூடியையும் பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பால் உறிஞ்ச முடியாது. இழுவை குறையும்போது ஓரமாக நிறுத்தி மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி இழுத்தால் காரணம் கிடைத்துவிட்டது.

மெழுகு அடைத்த வண்டியை எடுப்பதற்கு டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்திக் காட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து உங்கள் டிரைவர் செய்ய விடாதீர்கள். டேங்குக்குப் பக்கத்திலேயே பிரேக் காற்றுக் குழாய்களும் ஒயர்களும் போகின்றன. வண்டி எரியாமல் தப்பினாலும், உருகிய ஒரு நைலான் குழாய் இறக்கத்தில் உயிரை வாங்கிவிடும். ஃபில்டரைச் சுற்றித் துணி கட்டி வெந்நீர் ஊற்றுங்கள், அல்லது புது ஃபில்டர் போடுங்கள், அல்லது வெயில் ஏறும்வரை பொறுத்திருங்கள். குளிர் எதிர்ப்புத் திரவம் எதையாவது வாங்கினால், அதைக் கீழேயே, டீசல் சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும்; மெழுகு பிரிந்த பிறகு ஊற்றிப் பயனில்லை. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். அது சட்டப்படி குற்றம் என்பதோடு, பம்பின் உள்பாகங்களுக்கு டீசல் தரும் வழவழப்பையும் குறைத்துவிடும். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் காட்டுவதும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் ரிங்குகளையும் பிஸ்டனையும் உடைக்கும் வேலை.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, எடுக்காத வண்டியை இறக்கத்தில் உருட்டிக் கியரில் போட்டு எடுக்கும் வழக்கம். இரவில் காற்று இறங்கிய பிரேக் காற்று டேங்கோடு, எஞ்சின் ஓடாமல், பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் இல்லாத பாரவண்டியைக் கொடைக்கானல் மலைப்பாதையில் உருட்டுவதற்கு எந்தச் சந்தை நேரமும் காரணமாகாது. ஒருமுறையில் 10 முதல் 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவே இரண்டு நிமிடம் விட்டு, நான்கைந்து முறையில் எடுக்காவிட்டால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். எடுத்த பிறகும் உடனே ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஆயில் சுற்றி, பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறிய பிறகு நகர்த்த வேண்டும்.

பைப்பில் டீசல் நிறைந்து நின்று, பேட்டரி நன்றாகச் சுற்றி, அப்படியும் வெள்ளைப் புகையோடு எடுக்க மறுத்தால், அப்போதுதான் எஞ்சினுக்குள் போக வேண்டும். அங்கும் பம்ப் கடைசிதான். முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. இறுக்கமாக வைத்த வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷனைக் கசியவிடும். அதன்பின் நாசில்களை மட்டும் கழற்றி டெஸ்டரில் பார்க்கச் சொல்லுங்கள். பனிபோலத் தெளிக்காமல் சொட்டு விடும் நாசில் இருந்தால் அதை மாற்றினால் போதும். நாசில் கழற்றிய நேரத்திலேயே கம்ப்ரஷனையும் அளந்துவிட வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் வித்தியாசம் இருந்தாலோ, எல்லாமே 20 பாருக்குக் கீழே இருந்தாலோ, பணம் செலவழிக்க வேண்டிய இடம் ரிங்கும், சிலிண்டரின் உள் உறையான லைனரும். அந்த நிலையில் பம்ப் செய்வது வீண்செலவு. அதையும் தாண்டிப் பம்ப்தான் என்று முடிவானால், கழற்றுமுன் டைமிங் குறியை உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். கியரில் ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் இதே வெள்ளைப் புகை திரும்ப வரும்.

உங்களிடம் காமன் ரெயில் (எல்லா நாசில்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாய்) வைத்த இன்னொரு புதிய வண்டியும் இருப்பதாகச் சொன்னீர்கள். மேலே சொன்ன உறிஞ்சும் பாதைச் சோதனைகளும் பேட்டரிச் சோதனையும் அதற்கும் பொருந்தும். ஆனால் பழைய வண்டியில் செய்வதுபோல நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்க அதில் யாரையும் விடக்கூடாது. அந்தப் பைப்பில் ஓடும்போது ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தம் இருக்கும். ஊசிமுனை அளவுக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். மேலே சிறு புள்ளியாகத்தான் தெரியும். உடனடியாக அறுவைச் சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அந்த வண்டியைத் தை மாதத்தில் தில்லி, பஞ்சாப் பக்கம் அனுப்பினால், தமிழ்நாட்டில் நிரப்பிய டீசலை வழியிலேயே தீர்த்துவிட்டு, வடக்கே குளிர்காலத் தரம் விற்கும் இடத்தில் நிரப்பச் சொல்லுங்கள். லடாக் வரை போவதானால் அந்தக் குளிர்காலத் தரமும் போதாது. இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அங்கே கொண்டுவந்த, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலைத்தான் நிரப்ப வேண்டும்.

பழைய வண்டிக்கு, அடுத்த நடையில் மேலே நிறுத்தும் இரவன்றே பாட்டில் சோதனையையும், மறுநாள் காலை பிரைமர் சோதனையையும் செய்துவிடுங்கள். பிரைமர் கைக்கு எப்படி இருந்தது, புகை எப்போது தொடங்கியது, பேட்டரி ஒவ்வொன்றும் செல்ஃபில் எத்தனை வோல்ட் காட்டியது ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் பேசுங்கள்.